மைக் இல்லாத காலத்து சூப்பர் ஸ்டார்... 27 வயதில் முடிந்த வாழ்க்கை! யார் இந்த செங்கோட்டை கிட்டப்பா?

டீன் ஏஜ்லயே புகழின் உச்சம், ஊரெல்லாம் ரசிகர்கள், சில வருஷத்திலேயே எல்லாம் முடிஞ்சு போற சோகம். இது இன்றைய பாப் பாடகர்களின் கதை மட்டுமில்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடியே தமிழ்நாடு இப்படி ஒருத்தரைப் பார்த்திருக்கு. அவர்தான் எஸ்.ஜி.கிட்டப்பா.

சிற்றாற்றுப் படுகையில் பிறந்த குரல்

தாமிரபரணியோட துணை ஆறு சிற்றாறு. அதன் படுகையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் செங்கோட்டை. அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-ல் திருநெல்வேலி மாவட்டத்தோடு இணைந்து, 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. இங்குதான் 1906 ஆகஸ்ட் 25-ல் கிட்டப்பா பிறந்தார். இயற்பெயர் ராமகிருஷ்ணன்.

வீட்டில் வறுமை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசிலேயே அண்ணன்களோடு நாடக மேடை ஏறிவிட்டார்.

மகரக்கட்டு என்னும் கண்டம்

அந்தக் காலத்தில் சிறுவர்களை மட்டுமே வைத்து நடந்த நாடக கம்பெனிகள் 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்டன. அங்கிருந்த பையன்களுக்குப் பெரிய பயமே மகரக்கட்டுதான். பருவ வயதில் குரல் உடையும். பாட்டு போனால் வேஷமும் போகும், சாப்பாடும் போகும். பல பையன்களின் மேடை வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

கிட்டப்பா அந்தக் கண்டத்தைத் தாண்டினார். பதின்ம வயதில், பிரம்மாண்டமான காட்சி அமைப்புகளுக்குப் பேர்போன கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். அங்கே 'தசாவதாரம்' நாடகம் அவரைப் பெரிய நட்சத்திரம் ஆக்கியது. மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்கணும். ஐந்தரைக் கட்டை சுருதியில் அசராமல் பாடும் குரல் அவருக்கு. கச்சேரி வித்வான்களே நாடகக் கொட்டகைக்கு வந்து கேட்கும் அளவுக்கு அதில் சங்கதி இருந்தது.

கே.பி.சுந்தராம்பாளோடு சேர்ந்தது எப்படி?

அப்போது 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒன்று உண்டு. தனித்தனியாக நடிகர்களை வரவழைத்து ஒரே ராத்திரிக்கு மேடை ஏற்றுவார்கள். எதிரில் நிற்பவரைப் பாட்டில் ஜெயிக்கணும். 1926 வாக்கில் இலங்கையில் கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளும் சந்தித்தார்கள். அந்த ஜோடிக்காகவே கூட்டம் அலைமோதியது. 1927-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. சாதியும் வேறு. குடும்பத்துக்குள் பிரச்சினை வெடித்தது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. இருவரும் பிரிந்தார்கள்.

சரிவு ஏன்?

ஒரே ஒரு காரணம் என்று சொல்லிவிட முடியாது. சின்ன வயசிலிருந்தே ராத்திரி முழுக்கப் பாட்டு, பகலில் பயணம். குரல்தான் முதலீடு, அதற்கு ஓய்வே இல்லை. கூடவே குடும்பப் பிரிவு. குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டதாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். உடம்பு தாங்கவில்லை. 1933 டிசம்பர் 2-ல் காலமானார். வயது 27 மட்டுமே.

சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை 1980-ல் மறையும்வரை அவர் மாற்றவில்லை. 'நந்தனார்', 'ஔவையார்' என்று சினிமாவில் தனிப் புகழ் பெற்றது அதற்குப் பிறகுதான்.

இன்று மிச்சம் இருப்பது என்ன?

முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது 1931-ல். ஆனால் கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அவர் மேடையில் நின்ற விதம், நடித்த விதம் எதையும் இனி பார்க்க முடியாது. மிச்சம் இருப்பது கிராமபோன் தட்டுகள்தான். ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும். மேடையில் நீட்டி நீட்டிப் பாடியவர், அந்த மூணு நிமிஷத்துக்குள் சுருக்கிப் பாடிய 'எவரனி' போன்ற பதிவுகள் இன்னைக்கும் இணையத்தில் கிடைக்கின்றன. இரைச்சலைத் தாண்டி மேலே எழும் அந்தக் குரலைக் கேட்டால், அன்றைய ஜனங்கள் ஏன் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள் என்பது புரியும்.