குரலால் உயர்ந்த குணசித்திர நடிகர்

ஆங்கிலப் படங்களில் நாட்டமுள்ள நம் சங்க அன்பர்களுக்கு 1942ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ‘காஸாபிளாங்கா’ புதிதன்று. அதில் ஹம்ஃப்ரி போகார்ட்டையும் இங்கிரிட் பெர்க்மனையும் கண்டு களித்தோர், லஞ்சமும் சிரிப்புமாகக் காலந்தள்ளும் பிரெஞ்சுப் போலீஸ் அதிகாரி காப்டன் ரேனோவையும் மறந்திருக்கமாட்டார்கள். ஆயினும் அவ்வேடம் பூண்டவர் யாரென்று வினவினால் பலர் தலையைச் சொறிவர். கிளாட் ரெயின்ஸ் என்னும் அந்த நடிகரின் வரலாற்றையே இவ்வாண்டு மலரில் கூற முற்படுகிறோம்.

1889ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் தேதி லண்டன் மாநகரின் தென்பகுதியில் அவர் பிறந்தார். தந்தையும் நடிகரே, ஆனால் குடும்பத்தில் வறுமை நீங்கவில்லை. உடன்பிறந்த குழந்தைகளிற் பலர் சிசுப் பருவத்திலேயே மாண்டனர். பிழைத்த இப்பையனுக்கோ நாவே பகையாய் வாய்த்தது. தொழிலாளர் பேட்டைக் கொச்சைப் பேச்சு ஒருபுறம், திக்குவாய் மறுபுறம். போதாக்குறைக்கு ரகரமும் வாயில் நுழையாது. தன் குடும்பப் பெயரையே ‘வெயின்ஸ்’ என்றுதான் சொல்வான். இத்தகைய பிள்ளையை நாடகத்துக்கு அனுப்பலாமென்று எந்தப் பெற்றோருக்குத் தோன்றும்?

பத்து வயதில் ஒரு நாடகத்தில், கூட்டத்தோடு கூட்டமாய் நிற்கும் சிறுவனாக மேடையைக் கண்டான். பின்னர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ என்னும் பெரும் நடிகர் நடத்திவந்த ‘ஹிஸ் மாஜஸ்டீஸ்’ நாடக சாலையில் ‘கால் பாய்’ வேலை கிடைத்தது. இச்சொல்லை நம் ரயில்வே அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் டிரைவர், கார்டு வீட்டுக் கதவைத் தட்டி டூட்டிக்கு எழுப்பிய கால் பாயை நாம் அறிவோம். நாடக சாலையின் கால் பாய், நடிகர்களின் அறைக் கதவைத் தட்டி, மேடைக்கு வரவேண்டிய நேரம் நெருங்கிவிட்டதென அறிவிப்பவன். சில ஆண்டுகளில் அவர் பிராம்ப்டராக உயர்ந்தார். திரைமறைவில் பிரதியும் கையுமாய் நின்று, நடிகர் மறந்த அடியை எடுத்துக் கொடுக்கும் பணி அது. பிறர் வசனத்தை இரவுதோறும் செவியுற்று, எந்தச் சொல்லில் மூச்சு விடவேண்டும், எங்கே தாழ்த்திச் சொன்னால் கடைசி வரிசைக்கும் எட்டும் என்பவற்றை ஓசையின்றிக் கற்றுக்கொண்டார். ட்ரீ அவரது ஆர்வத்தைக் கண்டு, உச்சரிப்புப் பயிற்சிக்கு வேண்டிய உதவி செய்தார். திக்குவாய் ஒரே நாளில் அகன்றுவிடவில்லை. இடைவிடாத அப்பியாசத்தால் சிறிது சிறிதாக அடங்கிற்று.

முதல் உலக யுத்தம் மூண்டதும் லண்டன் ஸ்காட்டிஷ் படையிற் சேர்ந்தார். பின்னாளில் திரையுலகிற் புகழ்பெற்ற ரோனால்ட் கோல்மன், பாசில் ராத்போன், ஹெர்பர்ட் மார்ஷல் ஆகியோரும் அப்படையில் இருந்தவர்களே. மார்ஷல் ஒரு காலை இழந்தார். ரெயின்ஸ் 1916ஆம் ஆண்டு பிரான்ஸில் விமி என்னுமிடத்தில் நச்சுப்புகைத் தாக்குதலிற் சிக்கி, வலக்கண் பார்வையைப் பெரும்பாலும் இழந்தார். காப்டன் பதவியுடன் படையிலிருந்து திரும்பிய அவர், இக்குறையை வெளியே காட்டிக்கொள்ளவேயில்லை. அவர் படங்களைக் கண்டவர்களில் எத்தனை பேர் அதை உணர்ந்திருப்பர்!

அடுத்து நிகழ்ந்ததே நமக்குப் பெருவியப்பு. ட்ரீ நிறுவிய ராயல் நாடகக் கலைப் பள்ளியில் ரெயின்ஸ் ஆசிரியரானார். திக்கித் திக்கிப் பேசிய பையன் பிறருக்குப் பேசக் கற்பித்தான்! ஜான் கீல்குட்டும் சார்லஸ் லாட்டனும் அவரிடம் பயின்றவர்கள். மாணவர்கள் ஆசானைவிடப் பெரும் பெயர் பெற்றார்கள்; அவருக்கு அதில் மனத்தாங்கல் இருந்ததாகத் தெரியவில்லை.

1920களின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று நியூயார்க் நாடக மேடைகளில் நடித்தார். 1932ஆம் ஆண்டு பேர்ல் பக் அம்மையாரின் ‘தி குட் எர்த்’ நாடகமானபோது, சீனக் குடியானவனாக வேடந் தாங்கினார். பொருளாதார மந்தத்தால் நாடகத் தொழில் நலிந்த காலம் அது. நிலம் வாங்கி விவசாயம் செய்து பிழைப்பதே மேலென்ற எண்ணமும் அவருக்கு எழுந்தது. அவ்வேளையில் ஒரு படக் கம்பெனிக்காக எடுத்த பரீட்சைப் படம் படுதோல்வியாயிற்று. மேடைக்குரிய மிகை நடிப்பு காமிராவுக்கு ஒவ்வவில்லை. ஆனால் டைரக்டர் ஜேம்ஸ் வேல் என்பவர் அதில் ஒலித்த குரலைக் கேட்டார். தாம் தேடிய நடிகர் இவரே என முடிவு செய்தார்.

ஏனெனில் அவர் எடுக்கவிருந்தது, எச்.ஜி. வெல்ஸின் ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ கதை. முகத்தைச் சுற்றிக் கட்டு, கண்களுக்குக் கறுப்புக் கண்ணாடி. கட்டை அவிழ்த்தால் உள்ளே வெறும் வெளி. உடலெங்கும் கறுப்பு வெல்வெட் போர்த்து, அதன்மேல் சட்டை அணிந்து, கறுப்பு வெல்வெட் திரைமுன் நடமாடவைத்துப் படம் பிடித்தார்கள். பிறகு அதை வேறொரு படச்சுருளோடு இணைக்கவே, ஆளில்லாச் சட்டை உலவுவதாகத் தோன்றிற்று. படம் முழுவதும் வாழ்ந்தது குரல் ஒன்றே. ரெயின்ஸின் முகம் இறுதியில், அம்மனிதன் மாண்டு கிடக்கையில், ஒரு சில நொடிகளே தெரிகிறது. 1933ஆம் ஆண்டு அப்படம் வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. நாற்பதைக் கடந்ததும் இனி என்ன இருக்கிறதென்று பெருமூச்செறியும் நம்மனோர் இதைச் சற்றே கவனிக்கலாம்.

அதன்பின் ஓயாத வேலை. ஆயினும் கதாநாயகன் வேடம் அவரை நாடிவந்தது அரிது. நம் ஆண்டு விழா நாடகத்துக்கு வேடம் பங்கிடும்போது நடக்கும் பிணக்கை அன்பர்கள் அறிவர். ராஜா வேடத்துக்கு ஐவர், மந்திரி வேடத்துக்கு ஒருவருமில்லை! ரெயின்ஸ் மந்திரி வேடத்தையே தம் சொத்தாக ஆக்கிக்கொண்டார். 1938இல் ‘ராபின் ஹூட்’ படத்தில் வஞ்சக இளவரசன் ஜான். 1939இல் ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ படத்தில், பணத்துக்கு விலைபோய், ஈற்றில் மனச்சாட்சி குத்த செனட் சபையிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முதிய அரசியல்வாதி.

இவற்றுள் நாம் தலையாயதாகக் கருதுவது 1946ஆம் ஆண்டின் ‘நொட்டோரியஸ்’. ஹிட்ச்காக் டைரக்ட் செய்த அப்படத்தில் அவர் நாஜி சதிகாரன். ஆசையோடு மணந்த மனைவி ஒற்றர் என்று அறிந்து, தாயுடன் கூடி அவளுக்குச் சிறுகச் சிறுக விஷம் ஊட்டுகிறான். கொடியவன்தான், எனினும் மனைவியை உண்மையாக நேசித்தவன் அவனே என்ற எண்ணம் நமக்கு எழுந்துவிடுகிறது. கதாநாயகன் அவளை மீட்டுக் காரில் ஏற்றியபின், தன்னையும் ஏற்றிக்கொள்ளுமாறு இவன் மன்றாடுகிறான். கார் போய்விடுகிறது. உள்ளே காத்திருக்கும் கூட்டாளிகள் தன்னை உயிரோடு விடமாட்டார்கள் என்று தெரிந்தும் படியேறித் திரும்பிச் செல்கிறான்; கதவு மூடுகிறது. நாயகி பெர்க்மன் அவரைவிட உயரமானவர். சில காட்சிகளில் இவரைச் சற்று உயர்த்தி நிறுத்திப் படம் பிடித்தார்களாம்.

துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் நான்கு முறை முன்மொழியப்பட்டது. நான்கு முறையும் பரிசு வேறொருவருக்கே சென்றது. நான்காம் முறை வென்றவர் ஹாரல்ட் ரஸ்ஸல். ராணுவப் பயிற்சியின்போது வெடிவிபத்தில் இரு கைகளையும் இழந்தவர். யுத்தத்தில் கண்ணொளியிழந்தவர் அவரிடம் தோற்றதற்கு வருந்தியிருக்கமாட்டார் என்றே எண்ணுகிறோம்.

இடையில் இங்கிலாந்து சென்று, பெர்னார்ட் ஷாவின் ‘சீஸரும் கிளியோபாத்ராவும்’ படத்தில் சீஸராக நடித்தார். 1945இல் வெளிவந்த அப்படத்தின் கிளியோபாத்ரா விவியன் லீ, நம் டார்ஜிலிங்கிற் பிறந்தவர். இல்லற வாழ்வில் ரெயின்ஸுக்கு அமைதி கிட்டவில்லை. ஆறு முறை மணந்தார் என்பதோடு அதை நிறுத்திக்கொள்வோம். நிலத்தின்மேற் கொண்ட காதல் மட்டும் மாறவில்லை. பென்சில்வேனியாவிற் பெரும் பண்ணை வாங்கி, படப்பிடிப்பு முடிந்ததும் அங்கே விரைவார்.

1951ஆம் ஆண்டு, அறுபத்தோராம் வயதில், நியூயார்க் மேடைக்குத் திரும்பினார். ‘டார்க்னஸ் அட் நூன்’ நாடகத்தில், தான் வளர்த்த கட்சியாலேயே சிறைப்பட்ட முதிய புரட்சிக்காரன் வேடம். அவ்வாண்டின் சிறந்த நடிகருக்கான டோனி பரிசு அவருக்குக் கிடைத்தது. திரையுலகம் நான்கு முறை மறுத்ததை, கால் பாயாகத் தாம் கதவு தட்டிய நாடகவுலகம் அளித்தது.

1962இல் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் சூழ்ச்சி மிக்க ராஜதந்திரி டிரைடனாக வந்தார். 1965இல் ஏசுநாதர் கதையில் ஏரோது மன்னன் வேடமே கடைசித் திரைவேடம். இறுதி ஆண்டுகளை நியூ ஹாம்ப்ஷயரின் சிற்றூர் ஒன்றிற் கழித்து, 1967ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, எழுபத்தேழாம் வயதில் காலமானார்.