வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப்

வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் (நவம்பர் 19, 1813 - ஆகஸ்ட் 16, 1862) சென்னை வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஆங்கிலேய வானியலாளர் ஆவார். வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என ஈர்ப்புக் கணக்கைக் கொண்டு முதலில் வாதிட்டவர்களுள் ஒருவர்.

வாழ்க்கை

கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப் பொறியாளராக இந்தியா வந்த இவர், 1848 இறுதியில் நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, 1859 வரை அப்பதவியில் இருந்தார். வியாழன், சனி ஆகியவற்றின் துணைக்கோள்களை அளந்தார். துணைக்கோள் சுற்றும் தொலைவும் காலமும் தெரிந்தால் கோளின் நிறையைக் கணிக்கலாம்; துணைக்கோள் மிகச் சிறியதெனில் அதன் நிறையை அறியவேண்டியதில்லை. புதிய தொலைநோக்கியுடன் 1862இல் இந்தியா திரும்பியவர், சில நாட்களில் புனேயில் காலமானார்.

70 ஒபியூக்கி

இது ஏறத்தாழ 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீன். சென்னையில் எடுத்த அளவீடுகள் கணித்த பாதையோடு பொருந்தவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளின் ஈர்ப்பே இப்பிறழ்வுக்குக் காரணமாகலாம் என்று 1855இல் ஜேக்கப் அறிவித்தார். 1890களில் தாமஸ் சீ என்பவரும் இவ்வாறே ஒரு மறைபொருள் உண்டென்றார். ஆனால் அத்தகைய சுற்றுப்பாதை நிலைத்திருக்க இயலாது என 1899இல் பாரஸ்ட் மோல்ட்டன் கணித்துக் காட்டினார். அங்கு இதுவரை எக்கோளும் உறுதிசெய்யப்படவில்லை. ஜேக்கப் கண்டது அளவீட்டுப் பிழையாகவே இருக்கவேண்டும்.

எனினும், காணமுடியாத துணையை அது இழுக்கும் விண்மீனின் அசைவிலிருந்து அறியும் இவ்வழி கைவிடப்படவில்லை. 1995இல் 51 பெகாசி விண்மீனின் கோள், அவ்விண்மீனின் நிறமாலைக் கோடுகள் முன்னும் பின்னும் நகர்வதைக் கொண்டு கண்டறியப்பட்டது.