டிஸ்ரேலியின் வாழ்வும் வாக்கின் வலிமையும்

ஒதுக்கப்பட்ட இனத்தில் பிறந்து, உலகப் பேரரசு ஒன்றின் பிரதமராக உயர்ந்தவர் பெஞ்சமின் டிஸ்ரேலி. அன்னாரின் வரலாற்றை நம் சமுதாய இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். பழமை பேணும் கட்சியொன்று எவ்வாறு தலைவரை ஏற்கிறது, எவ்வாறு வாக்குகளை ஈர்க்கிறது, எவ்வாறு ஆட்சியைப் பிடிக்கிறது என்பனவற்றை அவ்வாழ்வு நமக்குத் தெளிவாக உணர்த்துகின்றது.

டிஸ்ரேலி 1804 டிசம்பர் 21 ஆம் நாள் இலண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1817 இல் தந்தையார் அவருக்குக் கிறித்தவத் திருமுழுக்கு அளிக்கச் செய்தார். யூத சமயத்தவர் 1858 வரை இங்கிலாந்தின் பாராளுமன்றத்தில் அமர இயலாதிருந்தமையால், அத்திருமுழுக்கே அவருக்கு அரசியல் வாயிலைத் திறந்தது. பல்கலைக்கழகப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. தந்தையாரின் நூலகமே கல்விக்கூடமாயிற்று. 1832 முதல் 1835 வரை நான்கு முறை தேர்தலில் தோற்றார். 1837 இல் மெய்ட்ஸ்டன் தொகுதியில் வென்று அவை புகுந்தார். கன்னிப் பேச்சைக் கூச்சலும் நகைப்பும் விழுங்கின. எனினும் அவர் ஒதுங்கிவிடவில்லை.

நிலப்பிரபுக்களின் கட்சியாகிய கன்சர்வேடிவ் கட்சி 1846 இல் இரண்டாகப் பிளந்தது. வெளிநாட்டுத் தானியத்தின் மீதிருந்த வரியைப் பிரதமர் இராபர்ட் பீல் நீக்க முற்பட்டபோது, நிலவுடைமையாளர் அவரை எதிர்த்தனர். ஆட்சி அனுபவம் மிக்கோர் பெரும்பாலும் பீலின் பக்கம் சென்றனர். எஞ்சியோரிடம் நிலமும் செல்வமும் இருந்தன. அவையில் வாதாடவல்ல நாவன்மை இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் டிஸ்ரேலி.

ஆயினும் அவரைத் தலைவராக ஏற்க அவர்கள் எளிதில் இசையவில்லை. அவருடன் நின்ற ஜார்ஜ் பென்டிங் பிரபு, யூதருக்கு அவையில் இடமளிக்க வேண்டும் என்று வாக்களித்தமையால் 1847 இல் தலைமையை இழந்தார். டிஸ்ரேலியும் அன்று அவ்வாறே வாக்களித்தார். நிலவுடைமையாளர் கட்சியின் தலைவருக்கு நிலம் வேண்டும் என்பதால், பென்டிங் குடும்பத்தார் அளித்த கடனைக் கொண்டு 1848 இல் ஹியூகென்டன் பண்ணை அவருக்காக வாங்கப்பெற்றது. 1849 இல் மூவர் கூட்டுத் தலைமையில் ஒருவராகவே அவரைக் கட்சி அமர்த்தியது. டெர்பி பிரபுவுக்குக் கீழே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் உழைத்தார். டெர்பி நோயுற்று விலகியபின், 1868 பிப்ரவரியில் விக்டோரியா மகாராணி அழைத்தபோதுதான் பிரதமரானார். அக்கட்சியில் தலைமை என்பது பெரியோர் தமக்குள் பேசி முடிப்பதாகவே நெடுங்காலம் இருந்தது. கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்த முதல் தலைவர் 1965 இல் வந்த எட்வர்ட் ஹீத் ஆவார்.

அவருடைய பெருஞ்செயல் 1867 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம். லிபரல் கட்சியார் 1866 இல் கொணர்ந்த சிறிய திருத்தத்தைத் தோற்கடித்த அவரே, மறு ஆண்டில் அதனினும் விரிந்த உரிமையை நகரத் தொழிலாளர்க்கு வழங்கினார். வாக்காளர் தொகை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. தெருவில் எழுந்த மக்கள் கிளர்ச்சியும், எதிர்க்கட்சியை முந்தும் நோக்கமும் இதற்குக் காரணங்கள் என்பதை நாம் மறத்தல் கூடாது. பண்ணைத் தொழிலாளருக்கு அவ்வுரிமை 1884 இல்தான் கிட்டியது.

வாக்கு விரிந்ததும் கட்சி தன் பணியை மாற்றிக்கொண்டது. 1867 இல் தேசிய ஒன்றியம் தோன்றி உள்ளூர்ச் சங்கங்களை இணைத்தது. 1870 இல் ஜான் கார்ஸ்ட் பொறுப்பில் மத்திய அலுவலகம் அமைந்தது. வேட்பாளரைத் தேடுதல், வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்தல், ஊர்தோறும் கிளை அமைத்தல் ஆகியன முறையாக நடைபெற்றன. 1872 இல் டிஸ்ரேலி மான்செஸ்டரிலும் இலண்டன் பளிங்கு மாளிகையிலும் பேசி, முடியாட்சியையும் திருச்சபையையும் காத்தல், பேரரசைப் போற்றுதல், மக்கள் வாழ்வை உயர்த்துதல் என மூன்று நோக்கங்களை முன்வைத்தார். இரகசிய வாக்குமுறையில் நடந்த முதல் பொதுத்தேர்தலான 1874 தேர்தலில் கட்சி பெரும்பான்மை பெற்றது.

ஆட்சிக்கு வந்தபின் 1875 இல் பொதுச் சுகாதாரச் சட்டம், தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் ஆகியன நிறைவேறின. அமைதியான மறியல் குற்றமாகாதெனச் சட்டம் செய்யப்பட்டது. குடியிருப்புச் சட்டம் கட்டாயமன்று ஆதலின் சில நகரங்களே அதனைப் பயன்படுத்தின. எனினும் வாக்குப் பெற்றவனை ஆள்வோர் எண்ணிப் பார்த்தனர் என்பது உண்மை.

வாக்கில்லாதார் நிலை என்னவாயிற்று? 1876 இல் அவர் ஆட்சியே மகாராணிக்கு இந்தியப் பேரரசிப் பட்டம் சூட்டச் சட்டம் செய்தது. லிட்டன் பிரபுவை வைஸ்ராயாக அனுப்பியது. 1877 சனவரி முதல் நாள் தில்லியில் பட்டம் அறிவிக்கும் தர்பார் நடந்தபோது, சென்னை மாகாணம் பெரும் பஞ்சத்தில் கிடந்தது. நிவாரண வேலை செய்வோரின் கூலி, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இராத்தல் தானியமும் சிறு காசுமாகக் குறைக்கப்பட்டது. 1876 முதல் 1878 வரை தென்னகத்திலும் பம்பாய் மாகாணத்திலும் மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது. நிலமற்ற கூலிகளாய் வாழ்ந்த நம் முன்னோரே முதலில் பட்டினிக்கு இரையாயினர். அவர்களுக்காக எந்த ஆட்சியும் தேர்தலில் கணக்குக் கொடுக்கவேண்டியிருக்கவில்லை.

வேளாண்மை வீழ்ச்சியும், ஆப்கானிஸ்தான், சூலுலாந்துப் போர்களும் 1880 தேர்தலில் அவரைத் தோற்கடித்தன. 1881 ஏப்ரல் 19 இல் அவர் மறைந்தார். அவருக்கு உகந்த மலர் எனக் கருதப்பட்ட பிரிம்ரோஸின் பெயரால் 1883 இல் ஒரு கழகம் தோன்றியது. பட்டங்களாலும் சின்னங்களாலும் தேநீர் விருந்துகளாலும் அது எளியோரையும் மகளிரையும் கட்சியோடு பிணைத்தது. வாக்கில்லாத மகளிரே வீடு வீடாகச் சென்று கட்சிக்கு வாக்குத் திரட்டினர்.

இளைஞர்களே, டிஸ்ரேலியின் விடாமுயற்சியை நாம் போற்றுவோம். அவரை உயர்த்திய கட்சி, அதனாலேயே ஒதுக்கப்பட்டோரின் கட்சியாகிவிடவில்லை என்பதையும் உணர்வோம். நம்மவர் ஒருவருக்குப் பதவி தரும் கட்சி நம் சேரிக்கு என்ன தந்தது என்று கேட்கும் அறிவு நமக்கு வேண்டும். 1930 இல் அதே இலண்டனில், வட்டமேசை மாநாட்டில், அண்ணல் அம்பேத்கரும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் நமக்கு அரசியல் உரிமை கேட்டு வாதாடியதன் காரணம் இதுவே. அவ்வுரிமை இன்று நம் கையில் உள்ளது. பட்டியலில் பெயர் உள்ளதா எனப் பார்ப்பதும், ஊர்தோறும் சங்கம் வளர்ப்பதும், கற்று ஆராய்ந்து வாக்களிப்பதும் நம் கடமையாகும்.