தங்கப் பதக்கம் பெற்ற கான்சாகிப்

பொட்டிபுரத்திலிருந்தும் போடியிலிருந்தும் தேனி வழியாக மதுரைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள், நகரத்துக்குள் நுழையுமுன் சம்மட்டிபுரத்தைக் கடக்கிறார்கள். அங்கே சாலையருகில் சிறிய பள்ளிவாசல் ஒன்று உண்டு. 1808-ல் எழுப்பப்பட்டது. கும்பெனியாரிடம் தங்கப் பதக்கம் வாங்கிய தமிழ் வீரர் ஒருவர், அதே கும்பெனியாரிடம் ஒப்படைக்கப்பட்டுத் தூக்கில் மாண்டு, அங்கே அடக்கமாகியிருக்கிறார்.

அவர்தான் கான்சாகிப் என்று ஜனங்கள் அழைத்த முகமது யூசுப்கான். இராமநாதபுரம் சீமை பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர். பிறந்தபோது இட்ட பெயர் மருதநாயகம் என்பர்.

1752 முதல் 1754 வரை திருச்சிக் கோட்டைக்காக நடந்த சண்டையில் அவர் பெயர் ஓங்கியது. பிரெஞ்சுக்காரரும் மைசூராரும் கோட்டையைச் சூழ்ந்திருந்தனர். உள்ளே இருந்த ஆங்கிலேயருக்குப் பீரங்கியைவிடச் சோறுதான் பெரிய கவலை. தானிய வண்டிகளை எதிரியின் கண்ணில் படாமல் கொண்டுவந்து சேர்க்கும் வேலை யூசுப்கானுடையது. நாட்டின் சந்து பொந்தெல்லாம் அவருக்குத் தெரியும். ஓய்வென்பதையே அறியாதவர் என்று கண்டுகொண்ட தளபதி லாரன்ஸ், அவரைப் பற்றிச் சென்னைக்கு எழுதினார். 1754-ல் கும்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் அவர் தலைவரானார். சென்னைக் கவர்னரும் ஆலோசனைச் சபையாரும் தங்கப் பதக்கமும் அளித்தனர். நாட்டுச் சிப்பாய் ஒருவருக்கு அந்நாளில் கிடைத்தற்கரிய மரியாதை அது.

1758-59-ல் லாலி சென்னையை முற்றுகையிட்டபோதும், தெற்கேயிருந்து படையுடன் சென்று பிரெஞ்சுக்காரரை அலைக்கழித்தவர் அவரே. 1759-ல் மதுரையும் திருநெல்வேலியும் அவரிடம் குத்தகைக்கு விடப்பட்டன. குளங்களைச் செப்பனிட்டார். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பறிபோயிருந்த மானியங்களைத் திருப்பிக் கொடுத்தார். குடிகளுக்குப் பயம் தெளிந்தது. ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்குப் பயம் பிடித்தது! நவாபுக்கு அடங்கி நட என்றனர் கும்பெனியார். பதக்கம் கொடுத்தவர்கள், அதை வாங்கியவருக்கும் மானம் உண்டு என்பதை மறந்துவிட்டார்கள் போலும். 1763-ல் அவர் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

முதல் முற்றுகை தோற்றது. 1764 ஜூனில் மேஜர் காம்ப்பெல் நடத்திய பெருந்தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. சண்டையில் வெல்ல முடியாது என்று கண்டதும், ஆங்கிலேயர் கோட்டைக்கு உணவு வரும் வழிகளை அடைத்தார்கள். திருச்சியில் அவர்களைப் பட்டினியிலிருந்து காத்தவர், மதுரையில் தம் வீரர்கள் குதிரை மாமிசம் தின்பதைப் பார்க்க நேர்ந்தது.

பசி துரோகத்துக்கு வழி திறந்தது. அக்டோபர் 13-ஆம் தேதி, தொழுகையில் இருந்த அவரைத் திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரன் மார்ஷானும் அவர்களுடைய ஆட்களும் சூழ்ந்துகொண்டு, அவரது தலைப்பாகையாலேயே கட்டிப்போட்டார்கள். 15-ஆம் தேதி சம்மட்டிபுரத்தில் நவாபின் உத்தரவுப்படி தூக்கு.

செத்த பின்னும் அவரிடம் பயம் தீரவில்லை. உடலைத் துண்டித்துத் தலையைத் திருச்சிக்கும், கைகளைப் பாளையங்கோட்டைக்கும் அனுப்பினார்களாம். ஒரு கால் நம் பெரியகுளத்துக்கு வந்தது என்று இங்குள்ளவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.