கடவுளரைப் படைத்த நாத்திகர்

கடவுள் உண்டா இல்லையா என்னும் வாதத்தில் நம் மாணவர்கள் எந்தக் காலத்திலும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால், கடவுள் இல்லை என்று உறுதியாக நம்பி வாழ்ந்த ஒருவர், உலகத்துக்குப் புதிய கடவுளர் கூட்டம் ஒன்றையே விட்டுச் சென்றார் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அக்கடவுளருக்குப் பூசாரிகள் உண்டு. இரகசிய அடியார் கூட்டங்கள் உண்டு. வேதநூல் ஒன்றும் உண்டு. கோயில் மட்டும் இல்லை. அவர்கள் இன்று பெரும்பாலும் பகடை உருளும் மேசைகளில் வாழ்கிறார்கள். சனிக்கிழமை இரவுகளில் நம் விடுதியின் ஓர் அறையில் நடுநிசிக்குப் பிறகும் விளக்கெரிவதையும், சிலர் தாளும் பென்சிலும் பகடையுமாக அமர்ந்து ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதை வளர்ப்பதையும் நீங்கள் கண்டிருக்கலாம். நானும் அவர்களில் ஒருவன். நாங்கள் ஆடும் ‘கால் ஆப் க்துல்ஹூ’ என்னும் ஆட்டத்துக்கு மூலவர் ஹோவர்ட் பிலிப்ஸ் லவ்கிராப்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர். அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லவே இக்கட்டுரை. அவரைப் போற்றுவது மட்டும் என் நோக்கமன்று. அவரோடு எனக்கு ஒரு வழக்கும் உண்டு.

லவ்கிராப்ட் 1890-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்கும் வியாபாரப் பிரதிநிதி. பிள்ளைக்கு மூன்று வயது நிரம்புமுன் தந்தையின் சித்தம் கலங்கிற்று. ஐந்தாண்டுகள் மனநோய் மருத்துவமனையில் இருந்து 1898-இல் அவர் இறந்தார். தாயின் வீட்டில், தாத்தாவின் அரவணைப்பில் சிறுவன் வளர்ந்தான். தாத்தாவின் நூலகம் பெரியது. அராபிய இரவுக் கதைகளைப் படித்த ஐந்து வயதில் தனக்கு அப்துல் அல்ஹஸ்ரத் என்று ஓர் அரபுப் பெயர் சூட்டிக்கொண்டான். பிறகு கிரேக்கப் புராணங்களில் மயங்கி, அத்தெய்வங்களுக்குப் பலிபீடம் கட்டி வழிபட்டான். அடுத்து வந்தது விஞ்ஞானம். எட்டு வயதில் இரசாயனம், பன்னிரண்டு வயதில் வானநூல். பதின்மூன்று வயதில் வானநூலுக்கென்றே ஒரு சிறு பத்திரிகையைத் தானே எழுதிப் படியெடுத்து வெளியிட்டான்.

1904-இல் தாத்தா இறந்தார், சொத்து கரைந்தது, பிறந்த வீடு கைமாறிற்று. 1908-இல் நரம்புத் தளர்ச்சி கண்டு பள்ளிப் படிப்பை முடிக்காமலே நின்றார். பிராவிடன்ஸில் இருந்த பிரவுன் பல்கலைக்கழகத்தில் சேரவேண்டும், வானநூல் அறிஞர் ஆகவேண்டும் என்ற ஆசை கனவாகவே போயிற்று. கணிதம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. விஞ்ஞானம் பயிலும் நமக்கு இந்த ஏமாற்றத்தின் கசப்பு நன்கு புரியும். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார்.

அந்தச் சிறையிலிருந்து அவரை வெளியே கொணர்ந்தது ஒரு வாசகர் சண்டை என்றால் நம்புவீர்களா? 1913-இல் ‘ஆர்கஸி’ என்னும் கதைப் பத்திரிகையில் வந்த காதல் கதைகளைத் தாக்கி அவர் கடிதம் எழுதினார். அக்கதைகளின் அன்பர்கள் திருப்பித் தாக்கினார்கள். மாதக்கணக்கில் அந்தப் போர் நீண்டது. அதைக் கண்ட ஒருவர் அவரை அமெச்சூர் பத்திரிகையாளர் சங்கம் ஒன்றில் சேருமாறு அழைத்தார். 1914-இல் சேர்ந்தார். ஊதியம் கருதாமல் எழுதித் தமக்குள் அச்சிட்டுப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம் அது. நம்முடைய இந்த மலரைப் போன்றதுதான். அங்கேதான் அவர் எழுத்தாளர் ஆனார். 1917-இல் ‘டாகன்’ முதலிய கதைகள் பிறந்தன. 1919-இல் அயர்லாந்துப் பிரபு டன்சனியின் நூல்களைப் படித்தார். எந்த மதத்தையும் சாராமல் ஒருவர் தாமே தெய்வங்களைக் கற்பித்து, அவற்றுக்குப் புராணமும் எழுதலாம் என்பதை டன்சனி 1905-லேயே செய்து காட்டியிருந்தார். லவ்கிராப்டுக்கு வழி தெரிந்துவிட்டது.

1924-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சோனியா கிரீன் என்னும் அம்மையாரை மணந்து நியூயார்க் நகரில் குடியேறினார். அம்மையார் உக்ரைன் பகுதியில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்த யூதர். கணவருக்கு அந்நகரில் வேலை கிடைக்கவில்லை. மனைவியின் தொழிலும் நொடித்தது. பிழைப்புக்காக அம்மையார் வேறு ஊர் செல்ல, இவர் புரூக்ளின் பகுதியில் ஓர் அறையில் தனியே வாழ்ந்தார். 1925-இல் திருடர் புகுந்து அவருடைய உடைகளைக் கொண்டுபோயினர்.

இங்கேதான் என் வழக்கு தொடங்குகிறது. அந்தத் தெருக்களில் பல நாட்டு மக்கள் பிழைப்பு நாடி வந்து நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்களைக் கண்டு லவ்கிராப்ட் அருவருத்தார். கறுப்பர், யூதர், கிழக்கிலிருந்து வந்தோர் அனைவர் மீதும் அவருக்கு வெறுப்பு. இளமையிலேயே கறுப்பர்களை இழிவுபடுத்திச் செய்யுள் எழுதியவர் அவர். நியூயார்க் அந்த நஞ்சை முற்றச் செய்தது. 1925-இல் எழுதிய ‘ரெட் ஹூக்கில் நேர்ந்த பயங்கரம்’ என்னும் கதையில், குடியேறிய ஏழை மக்களே பேய்வழிபாட்டுக் கூட்டமாக வருகிறார்கள். 1926-இல் பிராவிடன்ஸுக்குத் திரும்பியதும் எழுதிய ‘க்துல்ஹூவின் அழைப்பு’ அவருடைய புகழ்பெற்ற கதை. அதிலும் சதுப்பு நிலத்தில் பலியிட்டு ஆடும் அடியார்கள் கலப்பினத்து மாலுமிகளும் கறுப்பர்களுமே. தெய்வம் வானத்திலிருந்து வந்தது. அதன் பக்தரை மட்டும் அவர் பக்கத்துத் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டார்.

நண்பர்களே, நாமும் பிழைக்கவும் படிக்கவும் வேற்றூர் வந்தவர்கள். முதலாண்டில் நான் வாடகைக்கு அறை தேடி அலைந்தபோது, ஒரு வீட்டுக்காரர் என் பெயரையும் உணவையும் விசாரித்துவிட்டு, அறை காலியில்லை என்று கதவைச் சாத்தினார். வாசலில் வாடகைப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் நான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாகத் தெரிந்தேன் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. லவ்கிராப்டின் கதைக்குள் நான் நுழைய நேர்ந்தால், துப்பறியும் பேராசிரியராக அன்று, சதுப்பு நிலத்து அடியாராகத்தான் நுழைய முடியும்.

பின் ஏன் அவரைப் படிக்கவேண்டும்? வேறு எவரும் எழுதாத ஒன்றை அவர் எழுதினார் என்பதே விடை. 1925-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான், நம் பால்வீதிக்கு அப்பாலும் விண்மீன் மண்டலங்கள் உண்டு என்னும் ஹப்பிளின் சான்று அறிஞர் கூட்டத்தில் படிக்கப்பட்டது. பிரபஞ்சம் திடீரென்று அளவிறந்து விரிந்தது. மனிதன் அதில் ஒரு துகளுக்கும் ஈடாகான் என்னும் அச்சத்துக்கு உருவம் கொடுத்தவர் லவ்கிராப்ட். நம் ஊர் எல்லையில் ஐயனார் குதிரைமேல் காவல் நிற்கிறார். கோபித்தாலும் அவர் நம்மை அறிந்தவர். லவ்கிராப்டின் கடவுளரோ நாம் இருப்பதையே அறியாதவர்கள். பிரபஞ்சத்தின் நடுவில் வீற்றிருக்கும் அஸாதோத்துக்கு அறிவே இல்லை. காலமும் இடமும் யோக்-சோத்தோத்தின் உடலுக்குள் அடங்கியவை. கடலடியில் மூழ்கிய நகரில் துயிலும் க்துல்ஹூவின் பெயரோ, மனித நாவால் உச்சரிக்க இயலாதது என்று காட்டவே அப்படி அமைக்கப்பட்டது.

தமிழருக்குச் சுவையான செய்தி ஒன்று. அக்கதையில் ஸ்காட்-எலியட் எழுதிய இலெமூரியா நூல் பெயரோடு வருகிறது. விலங்கியலார் ஸ்கிளேட்டர் 1864-இல் கற்பித்த கண்டத்தைப் பிரம்மஞான சங்கத்தார் எடுத்து வளர்த்தனர். அச்சங்கத்தின் தலைமையகம் இருப்பது நம் சென்னை அடையாற்றில். அதே இலெமூரியாவை நம்மவர் குமரிக் கண்டத்தோடு இணைத்துப் பெருமை கொண்டாடினர்; லவ்கிராப்ட் அதில் பயங்கரத்தைக் கண்டார். பின்வந்த நிலவியல் அக்கண்டத்தை ஏற்கவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்னும் வெகெனரின் கொள்கையைப் பலர் எள்ளி நகையாடிய காலத்தில், 1931-இல் எழுதிய தமது அண்டார்டிகா நாவலில் லவ்கிராப்ட் அதைக் கையாண்டார்.

அந்த நாவலில் ஒரு கட்டம் உண்டு. மனிதன் தோன்றுமுன் பூமியை ஆண்ட விசித்திர உயிர்களின் சடலங்களைக் காணும் விஞ்ஞானி, அவையும் தம்மைப் போல ஆராய்ந்தவை, அஞ்சியவை, போராடியவை என்று உணர்ந்து உருகுகிறார். நட்சத்திரம் போன்ற தலையுடைய உயிரிடம் உறவு கண்டவருக்கு, புரூக்ளினில் அடுத்த அறையில் இசை வாசித்த சிரியாக்காரரிடம் அதைக் காண இயலவில்லை. அவர் வாழ்வின் துயரம் இதுவே என்பது என் கருத்து. பிற்காலத்தில் அவருடைய பொருளாதாரக் கொள்கை மாறிற்று. பழைமைவாதியாக இருந்தவர் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தார், சோஷலிசம் பேசினார். இனவெறுப்பு மட்டும் அவரை விட்டு முற்றும் நீங்கவில்லை.

ஆனால் கடிதத்தில் அவர் வேறு மனிதர். தம் வாழ்நாளில் பல்லாயிரக்கணக்கான கடிதங்கள் எழுதினார். முகம் காணாத இளைஞர்களுக்குப் பக்கம் பக்கமாக விடையளித்தார். ராபர்ட் பிளாக் பதினாறு வயதில் கடிதம் எழுதியபோது அவரைச் சமமாகவே நடத்தினார். தம் கடவுளரை எவரும் எடுத்தாளலாம் என்று இசைந்தார். நண்பர் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் படைத்த தெய்வத்தைத் தாமும் எடுத்துக்கொண்டார். தெய்வங்களுக்கு வேடிக்கையாக வமிசாவளி வரைந்தனர். இளமையில் சூட்டிக்கொண்ட அந்த அரபுப் பெயரை ‘நெக்ரோனாமிகான்’ என்னும் கற்பனை வேதத்தின் ஆசிரியருக்குச் சூட்டினார். அந்நூல் எங்கே கிடைக்கும் என்று வாசகர் கேட்டபோது, அது தம் கற்பனையே என்று நேர்மையாகச் சொன்னார். 1935-இல் பிளாக் ஒரு கதையில் லவ்கிராப்டைப் போன்ற பாத்திரத்தைக் கொன்றார். இவரும் சிரித்துக்கொண்டே அடுத்த கதையில் பிளாக்கைப் போன்ற ஒருவரைக் கொன்று கணக்குத் தீர்த்தார்.

வறுமை அவரை விடவில்லை. பிறர் கதைகளைத் திருத்திக் கொடுத்துச் சொற்பப் பணம் பெற்று, மலிவான டப்பி உணவு உண்டு வாழ்ந்தார். வாழ்நாளில் நூல் வடிவில் வந்த கதை ஒன்றே ஒன்று, 1936-இல். குடலில் புற்றுநோய் முற்றியபோதும் தம் வேதனைகளை நாள்தோறும் குறித்து வைத்தார். அதுவும் ஒரு விஞ்ஞான மனமே. 1937-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், நாற்பத்தாறாம் வயதில் மறைந்தார். அவருக்கென்று தனிக் கல்லறைக் கல் வைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. 1977-இல் அதை வைத்தவர்கள் அவருடைய அன்பர்களே.

1939-இல் அகஸ்டு டெர்லெத், டொனால்டு வாண்டிரே என்னும் இருவர் அவர் கதைகளை அச்சிடவே ஒரு பதிப்பகம் தொடங்கினர். டெர்லெத் கத்தோலிக்கர். அவர் இக்கடவுளரை நல்லோர், தீயோர் என்று பிரித்து, நிலம், நீர், காற்று, நெருப்பு என்று பூதங்களும் வகுத்தார். கடவுளருக்கு நம்மைப் பற்றிய கவலையே இல்லை என்ற நாத்திகரின் கருத்தை ஆத்திகர் திருத்திவிட்டார் அல்லவா? இது சரியா, தவறா என்று அன்பர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

1981-இல் சாண்டி பீட்டர்சன் இயற்ற, கேயாசியம் நிறுவனம் எங்கள் ஆட்டத்தை வெளியிட்டது. அந்நிறுவனத்தை நிறுவிய கிரெக் ஸ்டாபோர்டு படைத்த குளோரந்தா என்னும் உலகில், வழிபாட்டுக் கூட்டம் என்பது ஒருவனுக்கு வாழ்க்கை நெறி. அதில் சேர்ந்தவன் வலிமை பெறுவான். லவ்கிராப்டின் ஆட்டமோ நேர்மாறானது. ஒவ்வொருவருக்கும் சித்தத் தெளிவுக்கென்று ஓர் எண் உண்டு. பயங்கரத்தைக் கண்டால் பத்துமுகப் பகடை இரண்டை உருட்டவேண்டும். அந்த எண்ணைத் தாண்டினால் தெளிவு தேயும். அக்கடவுளரைப் பற்றிய அறிவு ஏற ஏற, தெளிவின் உச்சவரம்பு இறங்கும். அறிவே ஆபத்து என்னும் அவர் எண்ணத்தை இந்த ஒரு விதி அடக்கிவிட்டது.

வழக்குக்குத் தீர்ப்பு என்ன? உலகக் கற்பனை இலக்கியப் பரிசாக வழங்கப்பட்டுவந்த அவருடைய தலைச்சிலையை 2015-இல் கைவிட்டார்கள். விக்டர் லவால் என்னும் கறுப்பின எழுத்தாளர் 2016-இல் ரெட் ஹூக் கதையையே ஒரு கறுப்பு இளைஞனின் பக்கம் நின்று திரும்ப எழுதினார். 2017-இல் ஹார்லெம் பகுதியின் கறுப்பு மக்களைத் துப்பறிவோராக வைத்து இவ்வாட்டத்துக்கே ஒரு நூல் வந்தது. அவரை எரிப்பதிலும் துதிப்பதிலும் எனக்கு நாட்டமில்லை. இவர்கள் காட்டிய வழியே எனக்குப் பிடித்திருக்கிறது. தம் கடவுளரைப் பிறர் எடுத்தாள அவரே இசைந்தவர். அந்த இசைவை, அவர் நினைத்தே பாராத நாமும் பயன்படுத்தலாம்.

ஆகவே ஆட்டம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அஸாதோத்தை அப்படியே வையுங்கள். அந்த வெறுமை உண்மையானது. ஆனால் இரகசியக் கூட்டத்துக்கு ஆள் தேடும்போது, துறைமுகத்துக் கூலியையும் வேற்றூரிலிருந்து வந்த ஏழையையும் விட்டுவிடுங்கள். தனக்கு மட்டும் வாழ்வு கிடைத்தால் போதும், உலகம் எப்படியானால் என்ன என்று எண்ணுபவனே அக்கடவுளருக்கு ஏற்ற பூசாரி. அத்தகையவனைத் தேடச் சதுப்பு நிலம் வரை போகவேண்டியதில்லை.