தட்டு பிரேக் தந்த லான்செஸ்டர்

ஏலமலையில் வேலை முடிந்து, போடி பக்கம் ஆட்களை இறக்கும் பழைய ஜீப்பில் டிரைவர் ஓயாமல் பிரேக் மிதிப்பார். டிரம்முக்குள் சூடு ஏறும். பிடிமானம் குறையும். அப்புறம் திண்டாட்டம்தான்! அதற்குப் பயந்தே பழைய வண்டியில் தட்டு பிரேக் மாற்றிக்கொள்பவர்கள் உண்டு.

அந்தப் பிரேக்குக்கு 1902-லேயே காப்புரிமை பெற்றவர் பிரெடரிக் லான்செஸ்டர். 1868-ல் லண்டனில் பிறந்தவர். சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிப்பது இவர் யோசனை. தட்டு வெளிக்காற்றில் சுற்றுவதால் சூடு சீக்கிரம் ஆறும். ஆனால், கவ்வும் இடத்தில் செம்பு வைத்திருந்தார். அது காது கிழியக் கிரீச்சிட்டது. புழுதியில் விரைவாகத் தேய்ந்தது. மோட்டார் கம்பெனிகள் டிரம்மையே பிடித்துக்கொண்டன.

முதுமையில் பார்வை மங்கியது. கையில் காசும் இல்லை. 1946-ல் காலமானார். 7 ஆண்டு கழித்து, பிரான்சின் லீமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தட்டு பிரேக் போட்ட ஜாகுவார் முதலிடம் பெற்றது.