சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் (செப்டம்பர் 5, 1888 - ஏப்ரல் 17, 1975) இந்திய மெய்யியலாளர். இந்தியாவின் இரண்டாவது குடியரசுத் தலைவர் (1962-1967). இந்து சமயம் பற்றிக் கிறித்தவ மிஷனரிகள் கூறிய குறைகளுக்கும், இந்திய இலக்கியத்தை மேற்கத்திய அளவுகோலால் மட்டும் அளந்த திறனாய்வுக்கும் மறுமொழி எழுதியவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.

பிறப்பும் கல்வியும்

திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் வீராசாமி, சீதம்மா இணையருக்குப் பிறந்தார். ஆந்திராவில் இருந்த அவ்வூர் 1960 இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளி, வேலூர் ஊரிசு கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆகிய மிஷன் நிறுவனங்களில் பயின்றார்.

வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற கருத்து அங்கு நிலவியது. அது இவரைப் புண்படுத்தியதோடு சொந்த மரபை ஆராயவும் தூண்டியது. 1908 இல் வேதாந்தத்தின் அறவியல் குறித்து முதுகலை ஆய்வுரை எழுதினார். மிஷனரியான பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் அதனைப் பாராட்டினார்.

தாகூர் பற்றிய நூல்

ஆங்கில கீதாஞ்சலி 1912 இல் வெளியானது. மறு ஆண்டு தாகூர் நோபல் பரிசு பெற்றார். அக்கவிதைகளின் இறையன்பு கிறித்தவத்திலிருந்து பெறப்பட்டது என்று மேற்கத்திய விமரிசகர் சிலர் எழுதினர். வேதாந்தம் உலகை வெறுப்பது, எனவே இத்தகைய அன்பு அதில் பிறந்திருக்க இயலாது என்பது அவர்கள் வாதம்.

இராதாகிருஷ்ணன் 1918 இல் வெளியிட்ட தாகூரின் மெய்யியல் பற்றிய நூலில் இதனை மறுத்தார். தாகூரின் கருத்துகள் உபநிடதங்களில் வேரூன்றியவை என்றும், வேதாந்தத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதே அவ்வாதத்தின் அடிப்படை என்றும் நிறுவ முயன்றார். மேற்கத்திய தேசியவாதத்தின் ஆதிக்கப் பேராசையைத் தாகூர் கண்டித்ததையும் விளக்கினார்.

பிற்காலப் பணிகள்

மைசூர், கல்கத்தா பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக இருந்தார். 1926 இல் ஆக்சுபோர்டு மான்செஸ்டர் கல்லூரியில் இந்து வாழ்க்கை நோக்கு பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1936 இல் அப்பல்கலைக்கழகத்தில் கீழைச் சமயங்கள், அறவியல் துறையின் ஸ்பால்டிங் பேராசிரியரானார். 1954 இல் பாரத ரத்னா விருது பெற்றார்.

மதிப்பீடு

மிஷனரிகளின் கண்டனத்துக்கு விடையளிக்க முற்பட்டதில் இவரது வேதாந்த விளக்கமே மேற்கத்திய மெய்யியலின் சொற்களிலும் வகைப்பாடுகளிலும் அமைந்துவிட்டது என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். எனினும் பிற சமயங்களை இகழாது, அவற்றின் நூல்களைக் கற்று விடையளித்தது இவரது தனிச்சிறப்பு. சென்னையில் காலமான இவரது பிறந்த நாள் 1962 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.